பந்தடிக்கிறவர் பிரதேச சபைக்குப் போனால்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு கிராமக் கழகத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் வலது பின்வரிசையில் உதைபந்தாட்டம் விளையாடியவன் நான். 2018இல் எங்கள் வட்டாரத்தில் வென்று, 2023 மார்ச்சில் சபைகள் கலையும்வரை பிரதேச சபை உறுப்பினராக இருந்தேன். இப்போது கழகத்தின் வேலைகளைப் பார்க்கிறேன். போட்டி முடிந்து பூட்ஸ் கழற்றும் நேரத்திலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் பெடியள் வந்து கேட்பது திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பலருக்கு உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அண்ணை, முதல்ல இதைச் சொல்லுங்கோ. பிரதேச சபை எண்டா என்ன செய்யிற இடம்?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி அமைந்த உள்ளூராட்சி மன்றம். சபைக்குச் சொந்தமான வீதிகள், ஒழுங்கைகள், தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல், சந்தை, பொது நூலகம், சுடலை, முன்பள்ளி, சிறுவர் பூங்கா, பொது விளையாட்டு மைதானம் எல்லாம் அதன் வேலைகள். வருமானம் சோலைவரி (வீடு, கட்டடங்களுக்கான வரி), சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், அரசின் மானியம் என்று வரும்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பொலிஸ், ஏ9 வீதி, குளத்து நீர், காணி அனுமதிப்பத்திரம் எதுவும் சபையின் கையில் இல்லை. இந்த ஒரு விசயம் தெளிவாக இருந்தால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

வன்னி எண்டா எந்த இடங்கள்? எலெக்சனில கிளிநொச்சி வன்னிக்குள்ள வராதாமே?

நாங்கள் பேச்சில் வன்னி என்று சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கையும். பாராளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேரும்.

உள்ளூராட்சித் தேர்தலுக்கு இந்தக் குழப்பம் தேவையில்லை. ஒவ்வொரு சபையும் தனித்தனி. கிளிநொச்சியில் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. மன்னாரிலும் வவுனியாவிலும் பிரதேச சபைகளோடு நகர, மாநகர சபைகளும் உண்டு. 2011இல் நாட்டின் மற்ற இடங்களில் தேர்தல் நடந்தபோது கரைதுறைப்பற்றிலும் புதுக்குடியிருப்பிலும் நடக்கவில்லை. சனம் அப்போதுதான் திரும்பிக் குடியேறிக்கொண்டிருந்தது. அங்கே மக்கள் வாக்களித்துச் சபை அமைந்தது 2018இல். அதனால்தான் எங்கள் பக்கத்தில் பலருக்குச் சபை இன்னும் புதிய விசயமாக இருக்கிறது.

எங்கட பெடியளில ஆரைத் தொழில்முறை வீரர் எண்டு சொல்லுறது? இங்க பந்தடிச்சுச் சீவிக்கேலுமோ?

வன்னிக்குள் இருந்துகொண்டு முடியாது. கிராமக் கழகம், மாவட்ட லீக் என்று வளர்ந்தவர் கொழும்புக் கழகம் ஒன்றுக்கோ, இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஒன்றுக்கோ போவார். படை அணிகளில் விளையாட்டோடு நிரந்தர வேலையும் கிடைக்கும். அதற்கு மேல் திறமை உள்ளவர்களில் சிலர் மாலைதீவுக் கழகங்களில் ஒப்பந்தம் பெற்று விளையாடியிருக்கிறார்கள். 2018இல் தொடங்கிய வடக்கு கிழக்கு பிரீமியர் லீக்கில் வீரர்களை ஏலத்தில் எடுத்தபோது ஊர்ப் பெடியளுக்கு முதல் தடவையாகப் பந்துக்கு ஒரு விலை வந்தது.

முப்பது, முப்பத்திரண்டு வயதில் முழங்கால் சொல்லிவிடும். சேமிப்பு பெரிதாக இருக்காது. வேறு தொழிலும் பழகியிருக்க மாட்டார். அந்த நேரத்தில்தான் கட்சிக்காரர் வாசலில் வந்து நிற்பார். ஆகவே இந்தப் பக்கம் வெறும் அரசியல் பற்றியது மட்டும் அல்ல. விளையாட்டு முடிந்த பிறகு ஒரு வீரருக்கு என்ன வாழ்க்கை என்பதும் இதற்குள் இருக்கிறது.

கட்சியள் ஏன் பந்தடிக்கிறவையைத் தேடி வருகினம்? நாங்கள் அரசியல் கதைக்கிறதே இல்லையே?

அதனால்தான் வருகிறார்கள். வன்னியில் ஒரு வட்டாரம் என்பது நாலைந்து கிராமங்கள். ஒரு கிராமத்துப் பெரியவரை அடுத்த கிராமம் ஏற்காது. கோயில் வேறு, மாதா வேறு, குடியேற்றத் திட்டம் வேறு, இடம்பெயர்ந்து வந்தவர் வேறு, மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர் வேறு என்று எல்லைகள் நிறைய. இவ்வளவையும் தாண்டி எல்லா ஊரிலும் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிற ஆள் அந்தப் பக்கத்தின் நல்ல முன்வரிசை வீரர்தான். எதிரணி ஊரிலும் அவரைத் தெரியும். திட்டிக்கொண்டாவது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 2010, 2011இல் முகாமில் இருந்து திரும்பிய நேரம், தறப்பாள் கொட்டிலில் சனம் இருக்கும்போதே முதலில் எழும்பிய பொது அமைப்புகளில் விளையாட்டுக் கழகங்களும் இருந்தன. கண்ணிவெடி அகற்றிய நாடா கட்டின எல்லைக்கு இந்தப் பக்கம் பாலைத் தடி இரண்டு நட்டுக் கோல் கம்பம் ஆக்கிப் பந்தடித்தோம். யார் செத்தது, யார் காணாமல் போனது என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்கு இருந்த காலம். பின்னேரம் ஐந்து மணிக்குத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே இருப்பார்கள். அந்தப் பின்னேரங்களில் விளையாடியவர்களை ஊர் மறக்கவில்லை. கட்சிகள் வாங்க வருவது அந்த நினைவைத்தான். அதைக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. ஆனால் அது உங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல, உங்களோடு விளையாடிய பதினொரு பேருக்கும் சொந்தம். கையொப்பம் போட முதல் அவர்களோடு ஒருக்கால் இருந்து கதையுங்கள்.

வெளிநாட்டில பந்தடிச்ச ஆக்கள் அரசியலில வெண்டிருக்கினமோ?

வென்றும் இருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்தவர் லைபீரியாவின் ஜோர்ஜ் வேயா. 1995இல் உலகின் சிறந்த வீரருக்கான பலன்டோர் விருது பெற்றவர். 2005இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். படிப்பில்லாதவர் என்ற விமர்சனம் அப்போது பலமாக எழுந்தது. போய்ப் படித்துப் பட்டம் எடுத்தார். 2014இல் செனட்டர், 2017இல் ஜனாதிபதி. 2023இல் தோற்றபோது முடிவை மதித்து விலகினார். பிரேசிலின் ரொமாரியோவும் 2010இல் பாராளுமன்றத்துக்கும் 2014இல் செனட்டுக்கும் போனவர்.

எங்களுக்கு நெருக்கமான உதாரணம் ஜோர்ஜியாவின் காக்கா கலாட்சே. ஏசி மிலானில் பின்வரிசை வீரர், 2003, 2007 இரண்டு தடவையும் சம்பியன்ஸ் லீக் வென்ற அணியில் இருந்தவர். 2012இல் விளையாட்டை விட்ட கையோடு அரசியலுக்கு வந்து அமைச்சரானார். 2017இல் திபிலிசி நகர முதல்வர் ஆனார், அதற்குப் பிறகும் வென்றார். பஸ், நடைபாதை, குப்பை என்று ஒரு நகரத்தின் அன்றாட வேலைதான் அவருக்குக் கிடைத்தது. ஐரோப்பியக் கிண்ணம் தூக்கிய கைக்கு அது சின்ன வேலை என்று அவர் நினைத்திருந்தால் திரும்பத் திரும்பப் போட்டியிட்டிருக்க மாட்டார்.

மறுபக்கம் பாய்ச்சுங் பூட்டியா. இந்திய அணியின் முன்னாள் தலைவர், அந்த நாட்டின் வடகிழக்கில் இன்றைக்கும் பெரிய பெயர். 2014இல் டார்ஜிலிங், 2016இல் சிலிகுரி இரண்டிலும் தோற்றார். சிக்கிமில் 2018இல் சொந்தக் கட்சி தொடங்கினார், அதிலும் ஆசனம் கிடைக்கவில்லை. 2024இல் இன்னொரு கட்சியில் நின்றும் தோற்று, தேர்தல் அரசியல் வேண்டாம் என்று விலகினார். சனம் கையெழுத்து வாங்கும், படம் எடுக்கும். வாக்கு வேறு கணக்கு.

எனக்கு விருப்பு வாக்கு எத்தினை விழும் எண்டு நினைக்கிறியள்?

ஒன்றும் விழாது, ஏனென்றால் உள்ளூராட்சித் தேர்தலில் இப்போது விருப்பு வாக்கே (கட்சிப் பட்டியலில் ஒரு வேட்பாளருக்கென்று தனியாகப் போடும் வாக்கு) இல்லை. 2018இல் இருந்து கலப்பு முறை. ஏறத்தாழ 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரத்தில் இருந்தும், 40 சதவீதம் விகிதாசாரப் பட்டியலில் இருந்தும் வருவார்கள். வாக்காளர் போடுவது ஒரே ஒரு புள்ளடி. அதுவும் கட்சிக்கோ சுயேட்சைக் குழுவுக்கோ. வட்டாரத்தில் கூட வாக்கு எடுத்த கட்சியின் வேட்பாளர் நேரடியாக உறுப்பினர். பிறகு சபை முழுவதும் விழுந்த வாக்கைக் கூட்டி ஒவ்வொரு கட்சிக்கும் எத்தனை ஆசனம் என்று பார்த்து, வட்டாரத்தில் வென்றதைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலில் இருந்து நிரப்புவார்கள்.

இதனால் இரண்டு விளைவு. உங்களுக்காக விழுந்த வாக்கு உங்கள் கட்சி பட்டியலில் வைத்திருக்கிற, நீங்கள் விரும்பாத ஒருவரையும் சபைக்குள் கொண்டுபோகலாம். அதேபோல் ஐந்து வாக்கில் நீங்கள் வட்டாரத்தில் தோற்றாலும் கட்சி நினைத்தால் பட்டியல் ஆசனத்தில் உங்களைப் போடலாம். அந்தத் தீர்மானம் கட்சிச் செயலாளரின் கையில்.

கட்சி ஒண்டும் வேண்டாம். நான் தனியாக் கேக்கலாமோ?

தனி ஆளாக முடியாது. சுயேட்சைக் குழுவாகத்தான் முடியும். அந்தச் சபைக்குத் தேவையான முழுப் பட்டியலையும் உங்கள் குழு நிரப்பிக் கொடுக்க வேண்டும், எல்லா வட்டாரத்துக்கும் ஆள் வேண்டும். கட்டுப்பணம் (வேட்பாளருக்காகக் கட்டும் வைப்புப் பணம்) கட்சி வேட்பாளருக்கு 1,500 ரூபாய், சுயேட்சைக்கு ஆளுக்கு 5,000. இருபது பெயர் என்றால் ஒரு இலட்சம்.

எங்கள் பக்கத்தில் நாலைந்து கழகங்கள் சேர்ந்து சுயேட்சைக் குழு போடலாம் என்ற கதை ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். எனக்கும் அந்த யோசனை பிடிக்கும். ஆனால் ஒரு அணியைத் தேர்தல் பட்டியலாக மாற்றிய பிறகு திரும்ப அணியாக மாற்றுவது கஷ்டம். தோற்றவர், வென்றவர், பட்டியலில் பெயர் வராதவர் என்று உடை மாற்றும் அறைக்குள்ளேயே மூன்று கட்சி வந்துவிடும். போடுவதென்றால் கழக நிர்வாகத்தில் இல்லாதவர்களை வைத்துப் போடுங்கள்.

நான் ஆமி டீமில விளையாடுறன். என்ட பேர் போடேலுமோ?

சேவையில் இருக்கும்வரை முடியாது. படையினரும் பொலிஸாரும் வேட்பாளராக முடியாது, விலகிய பிறகுதான். ஓய்வூதியத்துக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது நாலு வருடச் சபைக்காக அதை விடுவதா என்று வீட்டில் கட்டாயம் பேசுங்கள்.

மற்ற அரச ஊழியர்களில் பதவிநிலை அலுவலர்கள் (மேல்நிலை அதிகாரிகள்) நிற்க முடியாது. அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் சம்பளமற்ற விடுமுறையில் நிற்கலாம். உங்கள் பதவிக்கு எது பொருந்தும் என்று திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 2023இல் வேட்புமனு கொடுத்த அரச ஊழியர்கள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மார்ச் 9 என்று குறித்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. வேலைக்கும் போக முடியாமல், சம்பளமும் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். கடைசியில் அந்த வேட்புமனுக்களே இரத்தாகி, புதிதாக மனு வாங்கி 2025 மே 6இல்தான் தேர்தல் நடந்தது. எங்கள் லீக்கில் நடுவராக இருந்த ஒருவரும் அதில் மாட்டிக்கொண்டார். அந்த வருடம் அவர் நெல்லு வெட்டப் போனதை நான் கண்டேன்.

நான் கொழும்புக் கழகத்தில விளையாடுறன். ஊரில கேக்கேலுமோ?

விளையாடும் இடம் பிரச்சினை இல்லை. உங்கள் பெயர் எந்தச் சபை எல்லைக்குள் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதோ அந்தச் சபைக்குத்தான் நிற்கலாம். கொழும்பில் பதிவை மாற்றியிருந்தால் ஊரில் முடியாது. கிராம அலுவலரிடம் முதலில் இதைப் பாருங்கள். வேட்புமனு நேரத்தில் ஓடி வந்து பயனில்லை.

பதிவு ஊரில் இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். சபைக் கூட்டம் மாதத்துக்கு ஒருக்கால் நடக்கும், உங்கள் லீக் போட்டி அதே நாளில் வரும். முழங்கால் இன்னும் ஓடுகிற காலத்தில் விளையாடுங்கள். சபை எங்கேயும் போகாது.

எனக்கு 22 வயசுதான். என்ட தங்கச்சியும் பந்தடிக்கிறவள். எங்களை ஆர் கணக்கெடுப்பினம்?

வயது 18 முடிந்தால் போதும். பட்டியலில் இளையோருக்கு 25 சதவீத ஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. பெண்களுக்குச் சபை ஆசனங்களில் 25 சதவீதம். ஆகவே கட்சிகளுக்கு நீங்கள் இருவரும் தேவை. எதற்காகத் தேவை என்பதை மட்டும் கவனியுங்கள். இலக்கத்தை நிரப்பக் கூப்பிட்டு, வெல்ல வழியில்லாத வட்டாரத்தில் போடுவது நடக்கிறது. எந்த வட்டாரம், பட்டியலில் எந்த இடம் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள். 2025இல் இளையோரின் பிறப்பத்தாட்சிப் பிரதி ஒழுங்காக இல்லை என்று நிறைய வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் போய்த்தான் பல பட்டியல்கள் மீண்டன. இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை.

தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சபையில் பெண் உறுப்பினர்கள் கொண்டுவந்த கோரிக்கைகள்தான் அனேகமாக நிறைவேறின. ஒரே கோரிக்கையை மூன்று கூட்டத்தில் விடாமல் கேட்பார்கள். மைதானத்தில் பெண்களுக்கு உடை மாற்ற இடமும் மலசலகூடமும் வேண்டும் என்று எழுந்து கேட்டது ஆண் வீரர்களான நாங்கள் அல்ல.

கழக ஜேர்சியோட நிக்கிற படத்தைப் போஸ்டரில போடலாமோ? மச்சில போடுற ஜேர்சியில கட்சிச் சின்னம் அடிக்கலாமோ?

இரண்டாவதற்கு நேரடிப் பதில் உண்டு. உதைபந்தாட்ட விதிகளில் 4ஆவது விதி வீரரின் உடையில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகங்களோ படங்களோ கூடாது என்கிறது. உடுப்புக்குள் போட்டிருக்கும் பெனியனைத் தூக்கிக் காட்டுவதும் அதில் அடங்கும். கிராமச் சுற்றுப்போட்டி என்றாலும் நடுவர் அனுமதிக்கக் கூடாது.

முதலாவது உங்கள் பழைய படம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஜேர்சியைப் போடும் மற்றவர்கள் வேறு கட்சிக்கு வாக்களிக்கலாம். 2018இல் நான் கழகக் கூட்டத்தில் கேட்டேன். பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். வெள்ளைச் சேட்டுப் படம் போட்டேன். அப்போது எனக்கு மனம் நொந்ததுதான். ஆனால் தேர்தலுக்கு அடுத்த கிழமை எல்லாரும் பயிற்சிக்கு வந்தார்கள்.

சுற்றுப்போட்டி ஒண்டு வைச்சு, எல்லாக் கழகத்துக்கும் பந்து குடுத்தா வாக்கு வரும்தானே?

தேர்தல் காலத்தில் வாக்கு எதிர்பார்த்து பொருள் கொடுப்பதும் சாப்பாடு போடுவதும் சட்டப்படி ஊழல் செயல்கள். வென்ற ஆசனமும் போகலாம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி செலவுக்கு உச்ச வரம்பும் உண்டு. வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்து தேர்தல் ஆணைக்குழு அதை அறிவிக்கும்.

வாக்கும் வராது. நான் வீடு வீடாகப் போனபோது ஒரு அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீ நல்லா விளையாடுவாய், கண்டனான். எங்கட ஒழுங்கையில லைட் இல்லை. பிள்ளை ரியூசன் முடிஞ்சு ஏழு மணிக்கு வாறாள், யானை நிக்குது. அதுக்கு என்ன செய்வாய்?" எனக்குப் பதில் இல்லை. அன்றிரவு சபையின் தெருவிளக்குக் கோரிக்கைப் படிவம் எப்படி இருக்கும் என்று தேடிப் படித்தேன். பிரசாரத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

வெண்டா முதல் வேலையா எங்கட மைதானத்தைக் கட்டலாம்தானே?

எல்லாரும் இதற்காகத்தான் வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். முதலில் அந்தக் காணி யாருடையது என்று பாருங்கள். பிரதேச செயலகத்தின் கீழ் உள்ள அரச காணியா, பள்ளிக்கூடத்தினுடையதா, கோயில் அல்லது தேவாலயத்தினுடையதா, குளத்து ஒதுக்கா, காட்டு எல்லைக்குள் போகிறதா? சபைக்குக் கையளிக்கப்படாத காணியில் சபைப் பணத்தைச் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும். சபைச் செயலாளர் கையொப்பம் போட மாட்டார். அவர் மறுப்பது சரிதான்.

எங்கள் மைதானத்தை நில அளவைக்கு எடுத்தபோது வடகிழக்கு மூலைக் கொடி நடுகிற இடத்துக்கு உள்ளே ஒரு எல்லைக்கல் பற்றைக்குள் இருந்து வந்தது. ஒரு திணைக்களத்தின் கல். பதினைந்து வருடம் நாங்கள் மூலை உதை அடித்த இடம் கடதாசியில் எங்களுடையது இல்லை. அந்த மூலையை விடுவிக்க எழுதிய கடிதங்கள் ஒரு கோவை நிறைய இருக்கிறது. மூன்று வருடத்துக்குப் பிறகு மைதானத்தின் எல்லைக் கோட்டை ஏழு மீற்றர் உள்ளே இழுத்துக்கொண்டு மிச்சத்தைப் பதிந்தோம்.

அளவையும் தெரிந்து வைத்திருங்கள். சர்வதேச அளவான 105க்கு 68 மீற்றர் மைதானத்துக்குக் கோடுகளுக்குள் மட்டும் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர் வேண்டும். சுற்றிவர ஓட இடம் விட்டால் இரண்டு ஏக்கருக்கு மேல். விதி 90க்கு 45 மீற்றரையும் அனுமதிக்கிறது, ஆகவே சின்னக் காணி என்று மனம் விட வேண்டாம். பார்வையாளர் மண்டபத்துக்கு முதல் வடிகால் வெட்டுங்கள். மார்கழி மழையில் நிற்கிற தண்ணீர் தை முடியும்வரை வற்றாது, மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்தால் கணுக்கால் மடங்கும். கம்பத்தில் பெயர்ப்பலகை மாட்டுகிற மாதிரி வடிகாலில் மாட்ட முடியாது, அதனால் யாரும் அதைக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

தவிசாளரா வாறதுக்கு என்ன வழி?

ஒரு கட்சி உறுப்பினர்களில் பாதிக்கு மேல் எடுத்திருந்தால் அது பெயர் குறிப்பிடுபவர் தவிசாளர், அதாவது சபையின் தலைவர். யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. கலப்பு முறையில் தொங்கு சபைகள் அதிகம் என்பதால் எதிரணியோடு பேசத் தெரிந்தவருக்கு வேலை சுகம். மைதானத்தில் இடித்துக்கொண்டவரோடு இடைவேளையில் தண்ணிப் போத்தல் பகிர்ந்து பழகிய ஆளுக்கு இது வரும்.

வந்த பிறகும் பாதீடு, அதாவது வருடாந்த வரவு செலவுத் திட்டம், இருக்கிறது. யாழ்ப்பாண மாநகர முதல்வர் 2020 டிசம்பரில் பாதீடு இரண்டு தடவை தோற்றுப் பதவி இழந்தது நினைவிருக்கும். முதல் தவணையில் தவிசாளர் கதிரையைப் பார்க்காமல் பாதீட்டுப் புத்தகத்தை வாசிக்கப் பழகுங்கள்.

பட்டியல் ஆசனம் தாறம், ஆனா ஒரு வருசம் மட்டும் எண்டினம். எடுக்கவோ? கட்சி பிடிக்காட்டி மாறலாமோ?

ஆளுக்கொரு வருடம் என்று சுழற்சியில் கொடுப்பது வடக்கில் பழகிவிட்ட நடைமுறை. ஒரு வருடத்தில் எல்லைக்கல்லைக் கூட நகர்த்த முடியாது என்று மேலே சொன்னேன். எடுப்பதானால் ஒரே ஒரு வேலையைத் தெரிந்து அதை மட்டும் முடியுங்கள். கட்சி நீக்கினால் உறுப்பினர் பதவியும் போகும். வீரர் ஒரு கழகத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகிற மாதிரி இங்கே இல்லை.

உறுப்பினராகிவிட்டு லீக் தலைவர் பதவியையும் வைச்சிருக்கலாமோ? பீபா தடை எண்டு சொல்லுறது இதுக்குத்தானோ?

2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டத்தை நடத்தும் பீபா இலங்கையைத் தடை செய்தது, இங்குள்ள உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் நிர்வாகத்தில் அரசு தலையிட்டது என்ற காரணத்தால். ஆகஸ்ட் கடைசியில்தான் நீக்கினார்கள். 2022 ஆகஸ்டில் இந்தியாவும் வெளித் தலையீட்டுக்காகச் சில நாட்கள் தடைப்பட்டது. எங்கள் தடை இருந்த ஏழு மாதமும் எங்கள் நாட்டு அணி சர்வதேசப் போட்டி எதிலும் இறங்க முடியவில்லை. அந்த வயதில் இருந்த வீரர்களுக்கு அது திரும்பக் கிடைக்காத பருவம்.

ஒரு பிரதேச சபை உறுப்பினர் கிராமக் கழகத்தில் இருப்பதற்காக பீபா வராது. உங்கள் லீக்கின் யாப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். யாப்பு அனுமதித்தாலும் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளை விடுங்கள் என்றுதான் சொல்வேன். சபையில் மைதானத்துக்குப் பணம் கேட்பவரும், கழகத்தில் அந்தப் பணத்துக்குக் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தெரிவுக் குழுவிலும் இருக்காதீர்கள். உறுப்பினரின் மருமகன் அணிக்குள் வந்தால், அவன் எவ்வளவு நல்லா விளையாடினாலும், ஊர் அவனை நம்பாது. பாவம் அந்தப் பிள்ளை.

சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது? உறுப்பினருக்குச் சம்பளம் இருக்கோ?

மாதக் கொடுப்பனவு உண்டு. அதில் குடும்பம் நடத்த முடியாது. மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கும் செத்தவீடு, கல்யாணவீட்டுக்கும் போய்விடும். வயல், கடை, பயிற்றுநர் வேலை என்று ஒரு வருமானம் கையில் இருக்கும்போது வாருங்கள். இல்லாதவரிடம்தான் ஒப்பந்தகாரர் முதலில் வருவார்.

பயிற்றுநர் சான்றிதழை விளையாடும் காலத்திலேயே எடுத்துவிடுங்கள். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் டி, சி தரச் சான்றிதழ்கள் இருந்தால் பள்ளிக்கூடங்களிலும் கழகங்களிலும் வேலை கேட்கலாம்.

தோத்தா என்ன செய்யிறது? பிறகு கழகத்தில சேப்பினமோ?

முதலில் செலவுக் கணக்கு. தோற்றவரும் கொடுக்க வேண்டும். முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கொடுக்காவிட்டால் குற்றம். தோற்ற கவலையில் இதை மறந்து நீதிமன்றம் ஏறியவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். பற்றுச்சீட்டுகளை ஒரு உறையில் போட்டு, கட்டுப்பணம் கட்டிய நாளில் இருந்தே சேருங்கள்.

கழகத்தில் சேர்ப்பார்கள். 2025இல் எங்கள் ஊரில் நின்ற இரண்டு வீரர்கள் வேறு வேறு கட்சி, இருவரும் தோற்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சுண்ணாம்புப் பையோடு கோடு போட வந்தார். மற்றவர் கயிற்றின் மறு நுனியைப் பிடித்தார். வடகிழக்கு மூலையில் ஏழு மீற்றர் உள்ளே என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.